ஏழரைச் சதுரடி

சோனாங்குப்பத்தில் அன்று அது பதினோராவது வீடு.
பேரலைக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை,
ஒரே அச்சு, ஒரே சன்னல்,
சுவரில் அடித்த பெயிண்ட்தான் வேறு வேறு.
தோளில் டேப், கையில் செயலி திறந்த போன்.
பழுது பார்க்க மானியம் என்றால்
முதல் தவணைக்கு முன்னால் மூன்று படம் வேண்டும்.
நான்காவதில் பயனாளி வாசலில் நிற்க வேண்டும்.

அஞ்சலாட்சி நிற்கவில்லை.
விற்காமல் திரும்பிய காரப்பொடியை
வெயிலில் கொட்டிக் கையால் பரத்திக்கொண்டே
"உள்ள போய்ப் பாரு சார், தல பத்திரம்" என்றாள்.

குனிந்து போனேன், நிமிர்ந்தேன்.
மேலே தளத்தைக் காணோம்.
ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.
மாம்பழப் பட்டு, நெற்றிச்சுட்டி,
மஞ்சள் நீராட்டு விழா, அனைவரும் வருக,
சுற்றிலும் கைகூப்பிய பதினேழு மாமன்கள்.
நாலு மூலையும் நைலான் கயிற்றில் இழுத்துக் கட்டிய
பழைய ஃப்ளெக்ஸ்,
நடுவில் வயிறு சரிந்து.

"உதுர்றதெல்லாம் சோத்துல வுழுது.
அதான் மவள எடுத்து மேல கட்டிட்டோம்.
அவ பரங்கிப்பேட்டையில குடுத்தனம் பண்றா,
இங்க வந்து ஜல்லியத் தாங்குறா."

செயலிக்கு மாமன்கள் வேண்டாம்.
கம்பி தெரியணும், துரு தெரியணும்.
ஸ்டூல் போட்டு ஒரு முடிச்சை அவிழ்த்தேன்.
முகத்தில் கொட்டியது
மணல், ஜல்லி, பல்லி முட்டையின் ஓடு,
கடைசியாய் ஒரு ரப்பர் பந்து.
எங்கிருந்தோ ஒரு பையன் ஓடிவந்து
பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

மேலே கம்பிகள்
தின்று போட்ட மீனின் முள் மாதிரி.

சேதப் பரப்பு எத்தனை சதுரடி?
ஐந்துக்குக் கீழே என்றால் சில்லறைப் பழுது, சொந்தச் செலவு.
பத்துக்கு மேலே என்றால் பழுது பார்க்கத் தகாதது,
புது வீட்டுக்கு மனுப் போடலாம்,
அந்த வரிசையில் நிற்பவர்கள் இன்னும் நிற்கிறார்கள்.
டேப்பை நீட்டினால் கம்பியில் மாட்டியது.
ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு பாளமும் ஆடியது.

அப்போதுதான் அந்தச் சாக்கை இழுத்து வந்தாள்.
யூரியா மூட்டை. உள்ளே அவள் கூரை.
"போன தடவ வந்தவரு அத்தாட்சி கேட்டாரு.
அதுலேர்ந்து ஒன்னயும் கீழ போடல."

முற்றத்தில் ஃப்ளெக்ஸை விரித்தோம், கருவாட்டுக்குப் பக்கத்தில்.
துண்டு துண்டாய் அடுக்கினாள்,
எதன் ஓரம் எதோடு சேரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.
இது தானே புயல் ராத்திரி.
இது ஆடித் தேருக்கு மறுநாள்.
இது அவரு தோள்ல வுழுந்து ரெண்டு மாசம் கடலுக்குப் போவல.
இது தெரியல, வந்து பாத்தா கெடந்துச்சு.
நடுவில் ஒரு கையகல இடம் வெறுமையாய் இருந்தது.
"அது கொழம்புல கரைஞ்சிருக்கும்" என்று சிரித்தாள்.

அளந்தேன். ஏழரை.

"ஏழரையா?" காதைப் பொத்திக்கொண்டாள்.
"அது எனக்குப் புடிச்சு வுட்டாச்சு சார்.
வேற எதுனா போடேன்."
எட்டு போடட்டுமா என்றேன்.
விரலை மடக்கி யோசித்தாள்.
"எட்டுன்னா அஷ்டமம். வாணாம்.
ஏழரையே இருக்கட்டும்."

வாசலில் நிற்க வைத்தேன்.
முந்தானையில் முகம் துடைத்து, செதில் ஒன்று கன்னத்திலேயே இருக்க,
யாரோ திட்டுவதைக் கேட்பவள் போல நின்றாள்.

முடிச்சைத் திரும்பப் போட்டது நான்.
அவள் இழுத்துப் பார்த்தாள், அவிழ்த்தாள்,
வலைக்குப் போடுகிற முடிச்சாய்ப் போட்டாள்.
மாமன்கள் மேலே போனார்கள்.
கற்களை எண்ணி மறுபடி சாக்கில் போட்டாள்.
இனி எதற்கு, கொட்டிவிடலாமே என்றேன்.
"ரெண்டாந் தவண வரட்டும்."

பதிவேற்றம் எண்பத்தொன்றில் நின்றுவிட்டது.
"டவரு இங்க எடுக்காது, கடலுப் பக்கம் போ."

போனேன்.
அவள் கூரையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து
அலை ஓரம் அங்கும் இங்கும் நடந்தேன்.
எண்பத்தாறு.
செருப்பு நனைந்தது.
தொண்ணூறு.
இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கினேன்.